மூத்தவளின் சுருதி

அன்பு மகளே,

பைபிளின் ஊதாரி மகன் கதையில், திரும்பி வந்த தம்பிக்கு அப்பா வைத்த விருந்துக்கு வர மாட்டேன் என்று வெளியே நின்ற மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா? எனக்குத் தெரியவில்லை. வேதத்திலும் பதில் இல்லை. வேதபாடத்தில் பரிசு வாங்கியவள் நீ, உனக்காவது தெரியுமா?

வீட்டை விட்டுப் போன உன் மாமா பல வருடம் கழித்துத் திரும்பிவிட்டான். தாத்தா ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கதை அப்பாவைப் போலக் கொழுத்த கன்றை அடிக்காததுதான் பாக்கி. பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர்தானே, நாளைய ஆராதனையில் தனிப்பாட்டையும் அவனுக்கே கொடுத்துவிட்டார். நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவருக்காக வாராவாரம் கீபோர்டு வாசிக்கிறவள் நான். என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை.

இன்று ஒத்திகையில் சுருதியை இரண்டு கட்டை ஏற்றி வைத்தேன். உச்சியில் அவன் குரல் கீச்சென்று உடைந்தது.

"அக்கா, நான் பாடணுமா, சாகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். தாத்தா பின்னாலேயே வந்தார்.

"நீ எப்பவும் என் கூடவே இருக்கியேம்மா. அதனாலதான் சொல்லத் தோணல. நீ இல்லாம எனக்குப் பாட்டே கிடையாது."



ஞாயிறு மாலை.

இன்று காலை, அவன் குரலுக்கு எட்டட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் சுருதியை நன்றாக இறக்கி வைத்தேன். அவனோ என் மனம் கோணக் கூடாதென்று, நான் ஏற்றிய சுருதியிலேயே பாடப் பழகி வந்திருக்கிறான். நான் கீழே வாசிக்க, அவன் மேலே எடுக்க, சபையே சிரித்தது. தாத்தா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் பாதி வழி வாங்க."

வந்தோம்.

உன் அம்மா