தையல்கடை ஷட்டர்

மார்ச் 4

தேர்தலை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்கு வந்த ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசுவதெல்லாம் சுவர்கள்தான். பஸ் நிறுத்தத்தில், வங்கி மதிலில், எங்கும் சிவப்பில் ஒரே கேள்வி: ‘யாரைக் கேட்டீர்கள்?’ வெள்ளை அடித்தால் காய்வதற்குள் திரும்ப வந்துவிடுகிறது.

எழுதுவது என் தம்பியும் அவன் கூட்டாளிகளும். நான் கழித்துப்போடும் எக்ஸ்ரே படத்தில் எழுத்துகளை வெட்டி, சுவரில் வைத்து, பஞ்சால் பெயிண்டை ஒற்றுகிறான். யாருடைய விலா எலும்போ நாட்டுக்காகப் பேசுகிறது.

மார்ச் 9

தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மார்ச் 10

ஸ்டேஷனில் அதிகாரி மேசைமேல் ஒரு பேண்டைத் தூக்கிப் போட்டார். முழங்காலில் சிவப்புப் பெயிண்ட். “உங்க தம்பியோடதுதானே?”

அவனுடையதுதான். ஜிப் மாற்ற எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்திருந்தான். அந்தக் கடையைத் தாண்டி அது வேறெங்கும் போகவில்லை.

படுபாவி! சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சட்டை தைத்தவன். எப்படி மனசு வந்தது? காலையில் என்னை நிறுத்தி, “தம்பியை எதுக்கும்மா கூட்டிட்டுப் போனாங்க?” என்று வேறு கேட்டான்.

மார்ச் 15

ஸ்டேஷன் வாசல். இன்றும் பார்க்க விடவில்லை.

மார்ச் 17

தையல்கடையில் போலீஸ் யூனிஃபார்ம் துணி கட்டுக் கட்டாக இறங்குகிறது. ஓகோ. அதுதான் கூலியா?

இருக்கட்டும். தம்பி வெட்டிய படம் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. வீட்டைச் சோதனை போட்டவர்கள், உறையைப் பார்த்து அம்மாவின் நெஞ்சுப் படம் என்று விட்டுவிட்டார்கள்.

மார்ச் 20

செய்துவிட்டேன்.

மதியம் அவன் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போன நேரம். உச்சி வெயிலில் தெரு காலி. படத்தை ஷட்டரில் வைத்து, பஞ்சால் சிவப்புப் பெயிண்டை ஒற்றினேன். மிச்சப் பெயிண்டைக் கைப்பிடியில் தாராளமாகப் பூசினேன். மருந்துக்கடைக்காரர் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவன் வந்தான். எழுத்தைப் பார்த்ததும் பதறிப்போய், யாரும் பார்ப்பதற்குள் மறைக்க ஷட்டரை மேலே தள்ளினான். இரண்டு உள்ளங்கையும் சிவப்பு. யூனிஃபார்ம் வாங்க வந்த போலீஸ்காரர் பின்னாலேயே நின்றிருந்தார்!

“சத்தியமா நான் இல்லீங்க சார்!” என்று கத்தினான். போலீஸ்காரர் அவன் கையை விரித்துப் பார்த்துவிட்டு இழுத்துப் போனார். இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 22

தையல்கடை வாசலில் யாரோ பூ வைத்திருக்கிறார்கள். அவனுக்கா? என் தம்பியை இழுத்துப் போனபோது ஜன்னலைச் சாத்திக்கொண்ட தெரு இது.

மார்ச் 24

தையல்காரன் மனைவி வந்தாள். அழவில்லை.

“ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் நிக்கணும்மா? உனக்குத்தான் தெரியும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவரைப் பயந்தாங்கொள்ளின்னு எவ்வளவு திட்டியிருப்பேன்! உள்ளுக்குள்ள இப்படி ஒரு மனுஷனா? உன் தம்பி விட்ட வேலையை இவர் எடுத்துச் செஞ்சிருக்காரு. பெருமையா இருக்கும்மா” என்றாள்.

நாக்கு நுனிவரை வந்தது. காட்டிக்கொடுத்ததே உன் புருஷன்தான்! ஆனால் அதைச் சொன்னால், ஷட்டரில் எழுதியது யார் என்று அடுத்த கேள்வி வரும். நானும் உள்ளே போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது?

“பின்வாசல்க்கா. விடியும்போதே போயிடணும்” என்றேன்.

நாளை என்னோடுதான் வருகிறாள். வழி நெடுக அவன் புகழைக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும்.