பம்பில் சிக்கிய பூச்சரம்

கிள்ளான்,
நவம்பர் 23, ஞாயிறு.

அன்புள்ள சீஃப் இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி சீதாலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் ஷாமினியும் நலம். அங்கே நீங்களும் உங்கள் பிரஷர் மாத்திரையும் பிரியாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். போன தடவை பாதி மாத்திரையை அப்படியே திரும்பக் கொண்டுவந்தீர்கள். நான் அதை மறக்கவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் பத்து வரி எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். கட்டைவிரலோடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. காப்பாரில் இருக்கும் அசாருதீன் வியாழக்கிழமை புஜைரா துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம், மூன்றாவது இன்ஜினியராக. அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், நீங்கள் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி. முறுக்கைப் பிரித்துவிட்டுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். இது நம் படகு தாமரையைப் பற்றியது.

தீபாவளி முடிந்த மறுவாரம் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டீர்கள். "பேசாம போட்ட வித்துரு லா சீதா. பாக்குறதுக்கு ஆளு இல்ல. நான் இன்னும் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட் போடலாம்னு இருக்கேன்" என்றீர்கள். சுபாங்கிலிருந்து சுகுமாறன் என்று ஒரு பல் டாக்டர் வந்து பார்ப்பார் என்றீர்கள். நானும் சரி என்றேன். அவரும் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட வேண்டிய விற்பனைப் பாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பதிலுக்கு முன்னால் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபம் வரும். வரட்டும், நீங்கள் கத்தினாலும் எனக்குக் கேட்காது.

ஆயுத பூசை அன்று நானும் இராஜம்மாவும் புலாவ் இண்டா படகுத்துறைக்குப் போனோம். சுங்கை வே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், பூசை என்றால் அவளுக்கு என்னைவிட ஆர்வம். காருக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடலில் கிடப்பதை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. இரண்டு இன்ஜினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், தலைக்கு ஒரு முழம் மல்லிகையும் போட்டோம். தேங்காயைத் துறைமேடையில் உடைத்தபோது பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் துப்பாக்கிச் சத்தமோ என்று பதறி எட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே வந்து பொரியும் கடலையும் வாங்கித் தின்றுவிட்டுப் போனார். மறுநாள் வந்து பூவை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுத்தமாக மறந்துபோனேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வாரம் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலையில், துறைக் காவலர் ஷம்சுதீன் போன் செய்தார். "அக்கா, ஒங்க போட்டு பின்பக்கம் தாழ்ந்து கெடக்குது. பயப்படாம, ஆனா சீக்கிரமா வாங்க" என்றார். அடித்துப் பிடித்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். இன்ஜின் அறை மூடியைத் தூக்கினால் கறுப்புத் தண்ணீர் இன்ஜின்களின் பாதி வயிறு வரைக்கும் நிற்கிறது. அதன் மேல் நம் மல்லிகை, பழுப்பு நிறத்தில் மிதக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். படகு போனால் போகட்டும், உங்களிடம் எப்படிச் சொல்வேன் என்றுதான் அழுதேன்.

நடந்தது இதுதான். ப்ரொப்பெல்லர் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும், அடியில் இருக்கும் பம்ப் அதைத் தானாக வெளியே தள்ளிவிடும், பயப்பட வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பம்ப் வேலை செய்தால்தானே? பூச்சரம் வாடிச் சரிந்து கீழே விழுந்து பம்பின் வாய்க்குள் போய்விட்டது. அந்தக் காலம் போல வாழைநாரில் கட்டியிருந்தால் மக்கிப் போயிருக்கும். லிட்டில் இந்தியாவில் இப்போது நைலான் நூலில் அல்லவா கட்டுகிறார்கள். நூல் விசிறியில் சுற்றிக்கொண்டு, பம்ப் முனகி முனகியே கருகிவிட்டது. மற்ற வீட்டுப் படகெல்லாம் துரு பிடித்து முழுகும், நம் படகு சாமி கும்பிட்டு முழுகப் பார்த்தது.

ஷம்சுதீன் துறையின் பம்பைக் கொண்டுவந்து இரண்டு மணி நேரத்தில் தண்ணீரை இறைத்துக் கொடுத்தார். ராமநாதபுரத்துப் பிள்ளை, கூலி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று பின்னால் கையைக் கட்டிக்கொண்டது. பிறகு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வரட்டும் ஆன்டி, அவர்கிட்ட பேசிக்கலாம்" என்று போய்விட்டார். வீட்டுக்காரர் வருவதற்குள் படகு மீனுக்கு வீடாகிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? வந்தது பாருங்கள் எனக்கு ஒரு வேகம், கத்தரிக்கோலோடு உள்ளே இறங்கிவிட்டேன்.

இறங்கிப் பார்த்தால்தானே உங்கள் லட்சணம் தெரிகிறது. பம்புக்குப் போகும் வயரைக் கையால் முறுக்கி, அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள். டேப் கழன்று, உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. நாற்பதாயிரம் டன் கப்பலை ஓட்டுகிற இன்ஜினியர் சொந்தப் படகில் செய்த வேலை இது. ஊருக்குத்தான் உபதேசம். "வயர்ல மட்டும் கை வைக்காத சீதா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? முப்பத்தொரு வருஷம் சர்க்யூட் போர்டில் தலைமுடி தடிமன் வயரை ஒட்டினேன், கடைசி ஒன்பது வருஷம் மற்றவர்கள் ஒட்டியதைச் சோதித்து ஓகே சொன்னேன். நம் வீட்டில் ஒரு நாள்கூட அது நம் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை, உங்களை மட்டும் சொல்வானேன்.

அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் படகில்தான் எனக்கும் இராஜம்மாவுக்கும் சமையலும் சாப்பாடும். பழைய வயரையெல்லாம் உருவி எறிந்தோம். கடல் காற்றுக்குத் தாங்கும் ஈயம் பூசிய வயர் வாங்கி, முனைக்கு முனை இறுக்கி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறையைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். பம்ப் புதிது, பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இன்னொரு பம்ப். கீழே உள்ளது படுத்தால் மேலே உள்ளது எழுந்துகொள்ளும், எழுந்தவுடன் என் போனுக்கு அலாரம் வரும். போன வாரம் பத்துமலை முருகன் கோயிலில் பாதிப் படி ஏறியிருந்தபோது அலாரம் அடித்து எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், ஷம்சுதீன் வேலை செய்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாராம். விளக்குகளையும் எல்இடிக்கு மாற்றிவிட்டேன். கூரை மேல் சின்னதாக ஒரு சோலார் தகடு போட்டிருக்கிறேன், மழைக்காலத்தில் பேட்டரி செத்துப்போகாமல் இருக்க.

நீங்கள் போனில் படகை விற்றுவிடு என்று சொன்னீர்களே, அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? முழங்கை வரைக்கும் எண்ணெயோடு இன்ஜின் அறையில் குந்தியிருந்தேன். போனை என் காதில் பிடித்துக்கொண்டிருந்தது இராஜம்மா. கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கிற ரப்பர் சக்கரத்தைக் கழற்றியிருந்தேன். ஆறு இதழில் இரண்டைக் காணோம். உடைந்த துண்டு குழாய்க்குள் எங்காவது அடைத்துக்கொண்டால் இன்ஜின் சூடாகிச் செத்துவிடும் என்று உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அரை நாள் தேடி இரண்டையும் எடுத்தேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் "பாக்குறதுக்கு ஆளு இல்ல" என்றீர்கள். இராஜம்மா போனைப் பொத்திக்கொண்டு, "அப்ப நாம யாரு டி" என்று கேட்டாள். சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஜினைக் கிளப்பிய நாளைச் சொல்லாமல் விட முடியாது. டீசல் வடிகட்டியை மாற்றினால் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பத் திருப்ப இருமிக்கொண்டே இருந்தது. மறுபடி நோட்டைப் புரட்டி, வீடியோ பார்த்து, திருகைத் தளர்த்தினால் டீசல் என் முகத்தில் பீச்சியடித்தது. நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் குபுக் குபுக்கென்று வெளியே துப்பியது. இராஜம்மா சுக்கானைப் பிடித்துக்கொண்டு குலவை போட்டாள். ஷாமினி பிறந்ததற்கு அப்புறம் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். உங்களைக் கூப்பிட வேண்டும் போல் இருந்தது. கூப்பிட்டால் முழுக் கதையும் வெளியே வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

இப்போது டாக்டர் விஷயம். போன ஞாயிறு வந்தார். தங்கமான மனுஷன், குறையொன்றும் சொல்ல முடியாது. இன்ஜின் அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு ஆன்டி இந்த வயரிங் செஞ்சது? கடையில செஞ்ச மாதிரி இல்லையே, இவ்ளோ நீட்டா இருக்கே" என்றார். நான்தான் என்றேன். முதலில் அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கே என்றாலும் சரி என்றார், வாயெல்லாம் பல்லாக. பழைய நிலையில் இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நானே பழுது பார்த்து, நானே விலை போக வைத்துவிட்டேன்.

அந்தப் பாரத்தை ஒரு வாரமாக மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படகு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். நேற்று டாக்டருக்குப் போன் செய்து, மன்னித்துக்கொள்ளுங்கள், என் கையெழுத்து கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். இதுவரை உங்களைக் கேட்காமல் ஒரு சோபாகூட வாங்கியதில்லை, அது உங்களுக்குத் தெரியும். கோபத்தில் செய்த காரியம் இல்லை. எனக்கு அந்தப் படகு பிடித்துவிட்டது, விட மனசில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கான்ட்ராக்டுக்கு என் கையெழுத்து தேவையில்லை. அதுதான் எனக்கு வருத்தம். முதலில் ஷாமினி படிப்பு என்றீர்கள், அப்புறம் அவள் பிரிக்பீல்ட்ஸில் வீடு எடுத்துச் சொந்தக் காலில் நிற்கும் வரைக்கும் என்றீர்கள். இரண்டும் நியாயம், நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்துக்கு மட்டும் நீங்கள் ஒரு காரணமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். உங்களோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்று வந்து, சோபாவில் உட்கார்ந்து, ஆறே மாதத்தில் கிழவர்களாகிவிட்டதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்களைச் சோபாவில் யார் உட்காரவிடப் போகிறார்கள்? இடது பக்க இன்ஜின் தண்டு நேராக இல்லை. வேகம் கூட்டினால் தரை அதிர்கிறது. அதை நேர்ப்படுத்த எனக்குத் தெரியவில்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலையாகவும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு கழிவறைப் பம்ப் இருக்கிறது. அதை நான் தொடுவதாகவே இல்லை, உங்களுக்கென்று வைத்திருக்கிறேன்.

நானும் இராஜம்மாவும் படகு ஓட்டும் லைசென்ஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். வகுப்பில் எங்களுக்கு அடுத்த வயது முப்பத்தைந்து. தைப்பூசம் முடிந்து காற்று அடங்கியதும் பங்கோர் தீவுக்குப் போவதாகத் திட்டம். விடிந்ததும் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டேன். அங்கே இரவு எங்கே நிறுத்துவது, டீசல் எங்கே பிடிப்பது, எல்லாம் எழுதி வைத்தாயிற்று.

உங்கள் கான்ட்ராக்ட் ஜனவரி பத்தாம் தேதி முடிகிறது என்று அசாருதீன் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். அதுவரைக்கும் உங்கள் இன்ஜின்கள் சூடாகாமல் ஓடட்டும், கடல் உங்களைத் தூங்க விடட்டும், அந்த மாத்திரையைத் தெய்வம்தான் உங்கள் வாயில் போட வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் உங்களை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேனே தவிர, வாருங்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீங்கள் இல்லாமலே பங்கோர் வரைக்கும் போய்வர எனக்குத் தெரியும். எனக்கு அப்படிப் போக ஆசையில்லை. வந்துவிடுங்கள்.

உங்கள்,
சீதா