ஒன்பது வெள்ளைக் கட்டங்கள்

அனுப்புநர்:
செ. இருசப்பன், உர மண்டோர் (உரப்பணி மேற்பார்வையாளர்),
மேல் லயம், பெல்மூர் தோட்டம்,
கோலசிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்,
கோலசிலாங்கூர்.

பொருள்: எங்கள் தோட்டத்தின் 14-ஆம் நம்பர் காட்டில் வரும் திங்கட்கிழமை வெட்டவிருக்கும் வாய்க்காலை நிறுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தோட்டத்து மண் புளிப்பு மண். கொக்கோ நடுவதற்கு முன் சுண்ணாம்பு போட்டாக வேண்டும். முன்பெல்லாம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாக இறைப்போம். இவ்வருடம் மண் ஆராய்ச்சி அதிகாரி திரு. குமாரசிங்கம் ஒரு மின்கருவி கொண்டுவந்தார். அதன் கம்பியை மண்ணில் குத்தினால் புளிப்பு எவ்வளவு என்று ஊசி காட்டும். பத்தடிக்கு ஒருமுறை குத்திப் பார்த்துப் படம் வரைந்தார். சிவப்பு இடத்துக்கு நிரைக்கு ஐந்து மூட்டை, மஞ்சளுக்கு இரண்டு, புளிப்பே இல்லாத வெள்ளைக்கு ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்து மூட்டையைப் பிரித்துக் கொடுப்பவன் நான்.

2. 14-ஆம் நம்பர் காடு முழுதும் சிவப்பு. நடுவில் மட்டும் ஒரு வரிசை வெள்ளை. மற்ற இடங்களில் நடுங்கிய ஊசி அங்கே அசையாமல் நின்றதை நானே பார்த்தேன். கருவி கெட்டுவிட்டதோ என்று திரு. குமாரசிங்கம் மறுநாள் அரையடிக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்தார். ஒன்பது வெள்ளைக் கட்டங்கள் வந்தன. எட்டு, ஆறடிக்கு இரண்டடி. ஒன்பதாவது மூன்றடிதான், எட்டாவதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தை மடித்துப் பையில் வைத்தவர் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

3. அங்கே சுண்ணாம்பு வேண்டாம் என்பதற்கு அடையாளமாக ஒன்பது முளைக்குச்சிகளில் மலாயில் "தியாடா காப்பூர்" என்று எழுதி நட்டோம். தியாடா என்றால் இல்லை, காப்பூர் என்றால் சுண்ணாம்பு. புல் வெட்டும் வேலம்மா எழுத்துக் கூட்டிப் படித்து, அதைக் கற்பூரம் என்று எடுத்துக்கொண்டார். "கற்பூரம் இல்லன்னு போட்டிருக்குலா! ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ, ஒருத்தரும் ஏத்தலையே!" என்று சொல்லி, மறுநாள் காலை ஒன்பது குச்சியடியிலும் ஏற்றிவிட்டார். அவரைத் திட்டத்தான் போனேன். காற்று பலமாக அடித்தது. ஒன்றுகூட அணையாமல் எல்லாம் எரிந்து முடிந்தன. இருபது வருடமாக அந்த இடம் வந்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு நடப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4. 1944-இல் இங்கே வாந்திபேதி கண்டது. என் தகப்பனார் செல்லன், நான்கு வயதுத் தங்கை நாகமணியைத் தோளில் போட்டுக்கொண்டு நோய்க்கொட்டகைக்குப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இருவரும் திரும்பவில்லை. ஆபீஸ் பேர்ப்பட்டியலில் அன்றைய கிராணி "பிள்ளையுடன் ஓடிவிட்டான்" என்று எழுதினார். சென்ற வாரம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே வாரத்தில் "ஓடியவர்கள்" நாகமணியையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர்.

என் தாயார் சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. கணவரைத் திட்டுவதையும் நிறுத்தவில்லை. நாற்பத்திரண்டு வருடமாக நான் ஓடிப்போனவன் மகன். நானும் அவரைத் திட்டியிருக்கிறேன் ஐயா.

5. பேதியில் இறந்தவர்களைச் சுண்ணாம்பு கொட்டி மூடுவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. மேனேஜரோ, பழைய கட்டட வேலைக்குக் குவித்த சுண்ணாம்பு என்கிறார். குவித்த சுண்ணாம்பு ஆறடிக்கு இரண்டடியாக வரிசையில் படுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். போய் வேலையைப் பார் என்றார். திங்கட்கிழமை மண் வெட்டும் இயந்திரம் அந்த வரிசையின் வழியேதான் போகப்போகிறது.

ஆகவே, வாய்க்காலை இருபதடி தள்ளி வெட்டும்படி உத்தரவிட்டு, தக்க ஆட்களைக் கொண்டு அவ்விடத்தைப் பரிசோதிக்க வேண்டுகிறேன். உண்மை தெரிந்ததும் பட்டியலில் "ஓடிவிட்டான்" என்ற சொல்லை அடித்துத் தர வேண்டும். படத்தின் நகலை இணைத்துள்ளேன். அந்த ஒன்பது கட்டத்துக்கும் இனி நான் சுண்ணாம்பு போடமாட்டேன். அவர்கள்மேல் போட்டது போதும். கற்பூரம் ஏற்றுவதை மட்டும் யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்: பெல்மூர் தோட்டம்
நாள்: 11.9.1986

இப்படிக்கு,
ஓடிப்போகாத செல்லனின் மகன்,
செ. இருசப்பன்