எண்ணெய்க் கறையும் எலுமிச்சை மூடியும்

என் பேத்தியின் தாத்தாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் நீங்கள் "ம்" என்பதைத் தாண்டுவதில்லை, அதனால்தான் கடிதம்.

நம் பேத்தி செய்த காரியத்தைக் கேளுங்கள்! நான் வேலை பார்க்கும் வீட்டில் சமையல் மேடை சுண்ணாம்புக் கல். "இந்தக் கல்லுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்" என்று வீட்டம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். போன வாரம் அதில் எண்ணெயைக் கொட்டிவிட்டேன். பித்தளைக் குடம் தேய்க்கிற நினைப்பில் எலுமிச்சை மூடியால் தேய்த்தேன். பேத்தி வீடியோ போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, கைய எடு! புளிப்பு பட்டா அந்தக் கல்லு அரிச்சுப் போயிடும்!"

"சும்மா இருடி, எனக்குத் தெரியாததா?" என்றேன். கல் நுரைத்தது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

பிறகு அவள் சொன்னபடி சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மறுநாள் காய்ந்ததும் துடைத்தேன். எண்ணெய் போன இடம் தெரியவில்லை! எலுமிச்சை பட்ட இடம் மட்டும் பொட்டளவு மங்கல். நானே வீட்டம்மாவிடம் காட்டினேன்.

"கறைய எடுக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"எட்டாவது படிக்கிற என் பேத்திம்மா!"

சிரித்துவிட்டார். "அப்ப குளியலறைக் கல்லையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

உங்களிடம் மூச்சு விடாதே என்று அவளிடம் சொன்னது நான்தான், திட்டாதீர்கள்.

இங்கே கிடைக்கிற துணியெல்லாம் முரடு, கல்லைக் கீறும். ஊரிலிருந்து யாராவது வந்தால் உங்கள் பழைய வேட்டி ஒன்று கொடுத்தனுப்புங்கள். வீட்டம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வேட்டியைத் துவைத்துவிடாதீர்கள், கட்டி அவிழ்த்தபடியே அனுப்புங்கள்.