செந்நூல் ஓலைகளை அறுத்த அமைச்சர்

ஏரிகள் வற்றாத ஆம்பல்நாட்டை ஆள்பவரும், முத்துக்குடை நிழலில் அமர்ந்து வழக்குக் கேட்பவரும், குடிகளின் சிரிப்பைக் கருவூலத்தின் முதற்பொருளாக எண்ணுபவருமான தேமொழிப் பெருந்தேவியாரின் திருவுளப்படி, கொன்றைநாட்டு வேந்தர் பரிதிவேள் அவர்களுக்கு, அதாவது தேவியாரின் உடன்பிறந்த இளவலுக்கு, விடுக்கப்படும் ஓலை இது. கொன்றைநாட்டுக் குன்றுகளில் மழை தவறாது பொழிக. தொழுவங்களில் பால் பொங்குக. அரண்மனையில் அனைவரும் நலமாக இருக்க, வேந்தரின் முழங்கால் வலியும் இந்தக் குளிர்காலத்திலாவது விடைபெற்றுப் போகுக.

ஆம்பலூர்க் கதைச்சாவடியில் செந்நூல் ஓலைகளைத் தடைசெய்த ஆணையின் நகல் ஒன்று வேண்டும் என்றும், அதே ஆணையைத் தம் நாட்டிலும் பறையறைவிக்க எண்ணம் என்றும் வேந்தர் எழுதியிருந்தார். நகலை அனுப்புவதற்குமுன், அந்த ஆணை பிறந்து, நடந்து, விழுந்த கதையை வேந்தர் முழுதும் கேட்டாக வேண்டும் என்பது தேவியாரின் விருப்பம்.

கதைச்சாவடியின் வழக்கம் வேந்தருக்குத் தெரியாததன்று. அரசவைக் கூத்தர்கள் ஆடிய ஏழுதீவுக் கூத்தில், இளவரசன் ஆழிவேந்தன் படகோட்டி மருதியைக் கரையில் நிறுத்திவிட்டுக் கப்பலேறினான். கூத்து அத்தோடு முடிந்தது. ஊருக்கு அது பொறுக்கவில்லை. அவன் திரும்பி வந்தானா, வந்தபோது அவள் கதவைத் திறந்தாளா என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். எழுதிய ஓலைகளைச் சாவடியின் கயிறுகளில் தொங்கவிட்டார்கள். சொந்தப் பெயர் எவரும் போடுவதில்லை, புனைபெயர்தான். படித்தவர்கள் தங்கள் பாராட்டையோ வசவையோ சிறு நறுக்கில் எழுதி அதன் அடியில் செருகிப் போவார்கள்.

ஒவ்வோர் ஓலையின் துளையிலும் ஒரு நூல் உண்டு. மஞ்சள் நூல் கட்டியிருந்தால் சிரிப்புக் கதை. நீலம் என்றால் யாரோ சாகப்போகிறார்கள், துண்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். வெள்ளை, பக்தி. சிவப்பு, பள்ளியறை. வேண்டியவர் வேண்டியதை எடுப்பார், வேண்டாதவர் கடந்து போவார். சிறுபிள்ளைகளுக்குச் சிவப்பு எட்டாத உயரத்தில் தனிக் கயிறு. இவற்றோடு, ஊரில் உயிரோடு நடமாடும் எவரையும் கதைக்குள் இழுக்கக்கூடாது, இழுத்தவர் ஓராண்டு ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்க வேண்டும் என்பதும் சாவடியின் பழைய விதி. அதை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இப்படியிருக்க, சாவடியின் கூரைக்கு ஓடு வேய்ந்து தருவதாகக் கடல்கடந்த வணிகக்குழு ஒன்று முன்வந்தது. கைம்மாறாகத் தங்கள் சரக்கின் புகழைத் தூண்களில் எழுதிவைக்க இடம் கேட்டது. ஆனால் தங்கள் பெயர் செந்நூல்களுக்கு நடுவே தொங்குவது குலப்பெருமைக்கு இழுக்கு என்றும் சொல்லி முகம் சுளித்தது. நெறிகாக்கும் அமைச்சர் வேலங்குடியார் அந்தச் சுளிப்பைக் கண்டு நாணிப்போனார்.

வேலங்குடியார் கெட்டவர் அல்லர். கையூட்டை விரலாலும் தொடாதவர், விடியுமுன் அவைக்கு வந்து எல்லோரும் போனபின் போகிறவர், தலைப்பாகையை இடப்பக்கம் முடிச்சிட்டு அது நாள் முழுதும் நலுங்காமல் காப்பவர். ஒரு குறை என்றால், அவர் சாவடிப் பக்கமே போனதில்லை. போகாத இடத்துக்குத்தான் ஆணை எழுதினார். செந்நூல் ஓலை எதுவும் இனித் தொங்கலாகாது, நூல் எந்த நிறமாயினும் உள்ளே ஆடையின்றி நீராடல், முத்தம், மஞ்சம் இவை இருந்தால் அறுக்கப்படும், எழுதியவர் ஓராண்டு அக்கரை போக வேண்டும். இதுவே ஆணை.

அறுப்பதற்கு ஆள் கேட்டுப் பறையறைந்த அன்று, அமைச்சரின் அலுவலக வாசலில் வரிசை கடைத்தெருவரை நீண்டது. அறுக்குமுன் படித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஊரில் அதுவரை எழுத்தே தெரியாது என்று நம்பப்பட்ட பலருக்கு அன்றைக்கு எழுத்து தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஓர் ஓலையை அறுக்கும்முன் இரண்டு மூன்று முறை படித்து, ஐயம் தீராமல் பக்கத்திலிருப்பவரையும் படிக்கச் சொன்னார்கள்.

எழுதுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. செந்நூலைத்தானே கட்டக்கூடாது என்று, பள்ளியறைக் கதைகளை வெள்ளை நூலில் கோத்துத் தொங்கவிட்டார்கள். ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர், நாள்தோறும் நீராடி நீறணிந்து ஒரு வெள்ளைநூல் ஓலை படித்துவிட்டே உணவு கொள்பவர், அன்றும் ஒன்றை எடுத்துத் தூணில் சாய்ந்தார். உச்சிவேளைவரை எழவில்லை. மறுநாள் சாவடி திறக்குமுன்பே வந்து, அந்தத் தோத்திரத்தின் அடுத்த பகுதி வந்துவிட்டதா என்று விசாரித்தார். இது சிரிப்புக்குச் சொன்னதாயினும், மெய்யாகவே பக்தி தேடி வந்து திகைத்து அழுத பெண்களும் உண்டு என்பதையும் வேந்தர் கருத வேண்டும். அமைச்சர் அகற்றியது சரக்கை அன்று. சரக்கின்மேல் ஒட்டியிருந்த சீட்டைத்தான்.

இந்நிலையில் யானைப்பாகன் கொழுந்தன் அரசவைக்கு முறையிட வந்தான். அவன் எழுதிய மஞ்சள்நூல் கதையை அறுத்துவிட்டார்கள், புனைபெயரைத் துருவி ஆளைக் கண்டுபிடித்து, அக்கரை போக மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். குற்றம், ஆடையின்றி நீராடல். அவன் சொன்ன சொல் மாறாமல் இங்கே பொறிக்கப்படுகிறது.

"தேவியாரே, என் கதையில ஆத்துல எறங்கிக் குளிச்சது யானைங்க. அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் குளிக்குது. அதுக்கு எந்தச் சேலைய நான் சுத்திவிட? அமைச்சரு அய்யா ஒரு அளவு சொன்னா நெய்யக் குடுத்துடறேன்."

அவை சிரித்து அடங்கியபின், தேவியார் சாவடியின் பழைய பட்டயத்தைக் கொணரச் செய்தார். அதில் எல்லோரும் மறந்துவிட்ட வழக்கம் ஒன்று இருந்தது. சாவடியிலிருந்து ஓர் ஓலையை அறுப்பவர், அதை அரசவையில் தம் வாயால் முழுதும் படித்து, அறுத்த காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் நில்லாவிட்டால், தம் கையாலேயே மறுபடி தொங்கவிட வேண்டும். பகைமனத்தோடு எவரும் எவர் எழுத்தையும் அழிக்காதிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு அது. தலைமுறைகளாக ஒருவரும் ஓர் ஓலையையும் அறுக்காததால் வழக்கம் தூசியில் கிடந்தது.

அறுத்தவர் யார் என்று தேவியார் வினவ, ஆணை தம்முடையது, கத்தி மட்டுமே பிறருடையது என்று வேலங்குடியார் எழுந்து நின்றார். அந்த நேர்மையை வேந்தர் குறித்துக்கொள்க.

மறுநாள் அவையில் நிற்க இடமில்லை. சாவடிக்கே போகாதவர்களும் வந்தார்கள். தடைசெய்யாமல் விட்டிருந்தால் நூறு பேர் முணுமுணுத்துப் படித்திருக்கக்கூடிய கதைகளை, நாட்டின் மிக உயர்ந்த குரல் ஊர்முழுதும் கேட்கப் படிக்கத் தொடங்கியது. யானைக் கதையை முதலில் படித்து முடித்தார். அடுத்த ஓலையில் இளவரசனும் மருதியும் மழைக்கு ஒதுங்கிய குகை வந்தது. அமைச்சர் அதை வரிவசூல் அறிக்கை போலப் படித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. "கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படிங்கய்யா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அமைச்சரின் காதுமடல் செந்நூலைவிடச் சிவந்தது.

மூன்றாவதாக அவர் கைக்கு வந்தது, மின்மினி என்ற புனைபெயரில் எழுதப்பட்ட செந்நூல் ஓலை. அதில் ஆழிவேந்தன் கடலிலிருந்து மீண்டு மருதியோடு இல்லறம் நடத்துகிறான். அந்தி மயங்கும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறான். இடப்பக்கம் முடிந்த தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் மாட்டுகிறான். சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இலையின் ஓரத்தில் படைவரிசைபோல அடுக்கி வைக்கிறான்.

வேலங்குடியாரின் குரல் அங்கே நின்றது.

தலைப்பாகையை ஊர் அறியும். கறிவேப்பிலை வரிசையை உலகத்தில் ஒருத்திதான் அறிவாள். பெண்கள் அமரும் பக்கத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கே அவர் மனைவி அணிமலர் அம்மை, எதிரிலிருந்த தூணின் வேலைப்பாட்டை அப்போதுதான் முதன்முறை காண்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியவள் இவள் என்றால், செந்நூலுக்கு ஓராண்டு, உயிரோடு நடமாடுபவரைக் கதைக்குள் இழுத்ததற்கு இன்னோர் ஆண்டு. அக்கரையில் ஏதோ ஒரு வீட்டில், அவரில்லாமல்.

மீதியையும் படிக்குமாறு தேவியார் பணித்தார். அவர் படித்தார். இளவரசன் உண்டு முடித்து, இன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று மருதியிடம் கேட்கிறான். அவள் ஒன்றுமில்லை என்கிறாள். அவன் விடாமல் கேட்கிறான். அவள் சொல்லச் சொல்ல, அவள் பாதத்தை மடியில் எடுத்து எண்ணெய் தடவுகிறான். கணுக்காலுக்குமேல் அவன் கை போகும்போது அவள் விளக்குத்திரியை உள்ளிழுத்து அணைத்துவிடுகிறாள். அவ்வளவே ஓலை.

முறைப்படி தேவியார் கேட்டார். "அமைச்சரே, இந்த இளவரசன் நம் ஊரில் வாழும் எவரையேனும் ஒத்திருக்கிறானா?"

அவையின் கண்கள் எல்லாம் அந்தத் தலைப்பாகை முடிச்சின்மேல் இருந்தன. அணிமலர் அம்மை சேலைத்தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினார். உண்மையைத் தாமே சொல்லிவிடும் முடிவு அந்த எழுச்சியில் தெரிந்தது. அவர் முழுதும் எழுமுன் அமைச்சர் பேசினார்.

"இல்லை, தேவியாரே. முடிச்சு என்னுடையதைப்போல இருக்கிறது. ஆள் நானில்லை. இவன் அந்திக்கு வீட்டுக்கு வருகிறான். இன்றைக்கு என்ன செய்தாய் என்று மனைவியைக் கேட்கிறான். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து அப்படி ஒருவன் இந்த ஊரில் இல்லை. இவன் முழுக்க முழுக்கக் கற்பனை."

அணிமலர் அம்மை எழுந்த பாதியில் மெல்ல உட்கார்ந்தார். வாழ்பவரைக் கதைக்குள் இழுத்த குற்றம் அத்தோடு விழுந்தது. செந்நூல் மட்டும் எஞ்சியது. அறுத்த காரணம் என்ன என்று கேட்டபோது, படித்துக்கொண்டே தேடியதாகவும், கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். தம் ஆணையைத் தாமே திரும்பப் பெற்றார்.

அன்று மாலை நாட்டின் நெறிகாக்கும் அமைச்சர் சாவடியில் ஏணிமேல் நின்று, அறுத்த ஓலைகளை ஒவ்வொன்றாகக் கட்டினார். கீழே நின்று நூலும் ஓலையும் எடுத்துக் கொடுத்தவர் அணிமலர் அம்மை. ஏணியைப் பிடித்திருந்த பாகன் கொழுந்தன் கேட்டு ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சு இது.

"கறிவேப்பிலைய இனிமேலாவது தின்னுங்க. முடி கொட்டுதுல்ல," என்றாராம் அம்மை.

அமைச்சர் நூல்முடிச்சை இறுக்கிக்கொண்டே, மின்மினியின் அடுத்த ஓலை எப்போது வரும் என்று கேட்டாராம்.

"அது நீங்க எப்ப வீட்டுக்கு வர்றீங்கங்கிறதப் பொறுத்தது."

வணிகக்குழு ஓடுகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சாவடி இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீலநூல் ஓலைகளை அங்கே மாட்டியிருக்கிறார்கள், எப்படியும் நனைகிறவைதானே என்று. ஊரார் கீற்று முடைந்து வருகிறார்கள். எதையும் எழுதலாம், ஆனால் உள்ளிருப்பதை நூல் உள்ளபடி சொல்ல வேண்டும் என்றும், பொய்நூல் கட்டுபவர் ஒரு திங்கள் சாவடியைப் பெருக்க வேண்டும் என்றும் இப்போது விதி. தோத்திரத்தின் அடுத்த பகுதி கேட்ட படைத்தலைவர் தயக்கமின்றிச் சிவப்புக் கயிற்றுக்கே இடம் மாறிவிட்டார்.

ஆகவே வேந்தர் கேட்ட நகல் இத்துடன் வரவில்லை. மாறாக, நான்கு நிறத்து நூற்கண்டுகள் வருகின்றன. ஆணையைச் செவ்வனே நடத்திக்காட்ட வேலங்குடியாரைச் சில திங்கள் இரவலாக அனுப்பும்படியும் வேந்தர் வேண்டியிருந்தார். அது இயலாது. அந்திக்குமேல் அந்த அமைச்சரை எந்த அலுவலின் பொருட்டும் எவரும் நிறுத்திவைக்கலாகாது என்று தேவியார் ஆணையிட்டிருக்கிறார், அவ்வாணை அண்டை நாட்டு வேந்தர்களையும் கட்டும். தங்கள் தூதர் சென்ற முறை வந்தபோது எந்த நிறக் கயிற்றடியில் நெடுநேரம் நின்று நகலெடுத்தார் என்பதையும், யாருக்காக என்று அவர் சாவடிக்காரரிடம் சொன்னார் என்பதையும் தேவியார் அறிவார். அக்காளாகையால் எவரிடமும் சொல்லமாட்டார்.

ஆம்பல் மலரும் ஏரிமேல் ஆணையாக, இந்த ஓலை கண்டவுடன் வேந்தர் தம் பறையறைவோரை வீட்டுக்கு அனுப்புக. தேவியார் சொல்ல எழுதினேன், ஓலைநாயகம் மாங்குடி எழினி. அரக்கின்மேல் ஆம்பல் முத்திரை இட்டவர், இந்த ஓலையைத் தாமே படித்துத் திருத்தம் ஏதுமில்லை என்று ஒப்பிய அமைச்சர் வேலங்குடியார். அந்திக்கு முன்பே இட்டுவிட்டுப் போனார்.