நாலாவது கேள்விக்கு விடை பி

ஏட்டி,

புதுப் புத்தகத்தின் பசை வாடை உனக்குப் பிடிக்கும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், முதல் பக்கத்தை விரித்து மூக்கை உள்ளே விட்டு இழுப்பாய். நேற்று அதே வாடையில் எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. நாகர்கோவிலில் நாம் படித்த கோச்சிங் சென்டரில் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் அவர்கள் புதிதாக அச்சடித்த பயிற்சிப் புத்தகம், முன்னால் தட்டில் இரண்டு பருப்பு வடை, காகிதக் கப்பில் டீ. மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப் போகிற அறுபது பிள்ளைகளுக்கு மோட்டிவேஷன் கொடுக்க வேண்டும் என்று சார் கூப்பிட்டிருந்தார். நான் தேறி வடக்கே போய்ப் படிக்கிறேன் அல்லவா, லீவுக்கு வந்தால் இப்படி ஒரு மரியாதை.

"மொதல்ல ஒரு பாசேஜ் போட்டுருவோம், அப்புறம் அக்கா பேசுவாங்க. பக்கம் நாப்பத்தொண்ணு. நாலு நிமிஷம்" என்று சார் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். நானும் சும்மா பக்கத்தைப் புரட்டினேன். நீ எழுதிய பத்தி. லில்லிக்குக் காய்ச்சல் வந்த பத்தி. ஓரத்தில் வாயில் தெர்மாமீட்டர் வைத்த ஒரு பெண்ணின் கார்ட்டூன் படம் வேறு போட்டிருந்தார்கள். நாலு நிமிஷம் முடிந்தது. "நாலாவது கேள்வி?" என்றார் சார். அறுபது பேரும் ஒரே குரலில், "பி!" என்று கத்தினார்கள். "வெரி குட்" என்றார்.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது போனாய். அந்தப் பத்தியை அதற்கு நாலு நாள் முன்பு எழுதினாய், எழுதி எனக்குத்தான் அனுப்பினாய். நேற்றுத்தான் அதை முதல்தடவை வாசித்தேன். சீ, இதில்கூடப் பொய்யா? அன்றைக்கே வாசித்துவிட்டேன். அதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ கீரிப்பாறையிலிருந்து எஸ்டேட் பஸ்ஸில் வருவாய், நான் குளச்சலிலிருந்து வருவேன். உன் மேல் ரப்பர் பால் வாடை அடிக்கிறது என்று நான் சொன்னால், என் மேல் நெத்திலி வாடை என்பாய். நீ பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆனால் ஒரு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தால் அதற்குள் இறங்கி நடமாடிவிட்டு வருவாய். சாருக்கு அதுதான் ஆகாது.

"பாசேஜ வாசிக்காத. மொதல்ல கேள்வியப் பாரு. கேள்வியில என்ன சொல்லு இருக்கோ அத மேல போய்த் தேடு. முன்ன ஒரு வரி, பின்ன ஒரு வரி. சோலி முடிஞ்சு." இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. ஒருநாள் தீ விபத்தைப் பற்றி ஒரு பத்தி வந்தது. நீ கேட்டாய், "அந்த வீட்டுக்காரனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாண்டாமா சார்?" அவர் சொன்னார், "வீடு எரிஞ்சா எரியட்டும். நீ என்ன ஃபயர் சர்வீஸா? தெரிஞ்சா ஒரு மார்க்கு கூடத் தருவானா?" வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

சென்டரில் கொடுத்த மாதிரித் தாள்கள் தீர்ந்ததும் நீதான் யோசனை சொன்னாய். ஆளுக்கொரு பத்தி எழுதுவோம், கீழே நாலு கேள்வி போடுவோம், போனில் மாற்றிக்கொள்வோம் என்றாய். நான் குளச்சல் மீன் ஏலத்தை எழுதினேன். விலை, எடை, படகின் நீளம் எல்லாம் போட்டு, வாசித்தால் கொட்டாவி வரும். உன்னுடையதில் எப்போதும் லில்லி வருவாள். ஒருநாள் லில்லி முட்டையிட மறுக்கும் கோழி. மறுநாள் நேரத்துக்கு வராத எஸ்டேட் பஸ். இன்னொரு நாள் தன்னைக் கீறிக் கீறிப் பால் எடுக்கிறார்களே என்று உன் அம்மாவோடு சண்டை போடும் ரப்பர் மரம். நான் கேள்வியைப் பார்ப்பேன், மேலே போய்த் தேடுவேன், இரண்டு நிமிடத்தில் விடை அனுப்புவேன். "கத எப்படிட்டி இருந்து?" என்று கேட்பாய். "நாலுக்கு நாலு" என்பேன். "மார்க்கக் கேக்கல பிள்ள, கதையக் கேட்டேன்" என்பாய். உன் ஒரு கதையைக்கூட நான் உருப்படியாக வாசித்ததில்லை.

கடைசிப் பத்தி இது. நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் எழுதுகிறேன். இப்போது எனக்கு அது மனப்பாடம்.

"லில்லிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மழையில் ஓடையைத் தாண்டித் தாண்டி அவள் காலில் சேற்றுப்புண். கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி வலிக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சளாக இருக்கிறது. அம்மா பார்க்கும்போதெல்லாம் லில்லி புத்தகத்துக்குள் குனிந்துகொள்கிறாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். லில்லிக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவள் எல்லாப் பத்தியையும் சீக்கிரம் முடித்துவிடுவாள்."

கீழே நாலு கேள்வி. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது? வலி எங்கே? பத்தியின் தொனி என்ன? இந்தப் பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம்? ஏ, லில்லி சோம்பேறி. பி, லில்லி தன் நோயை அம்மாவிடம் மறைக்கிறாள். சி, பரீட்சை முடிந்துவிட்டது. டி, இவை எதுவும் இல்லை.

அது வந்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். என் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். மழை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் எலிக்காய்ச்சல் பேச்சுதான். கண் மஞ்சள், கெண்டைக்கால் வலி என்று யாராவது வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்று சோறு போடும்போதுகூடச் சொல்வாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் மூன்றடி. எண்ணெய்க் கை படாமல் ஒற்றை விரலால் நான் தட்டினேன்: "1 ஏ, 2 சி, 3 ஏ, 4 பி. ரெண்டே நிமிஷம். நாளைக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போடு மக்கா." நீ பதில் போட்டாய்: "நாலுக்கு நாலு. நீ பாஸாயிடுவ." நான் பஜ்ஜியைத் தின்றேன். நல்ல சூடு, இரண்டாவதும் கேட்டு வாங்கித் தின்றேன். அதை நினைத்தால் என் வாயை நானே கிழிக்கலாம் போல இருக்கிறது.

நேரே ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் என் அம்மாவிடம் சொல்வேன், அவள் உன் அம்மாவுக்குப் போன் போடுவாள், பரீட்சை போச்சு என்று பயந்தாயா? இல்லை, எழுத வேறு ஒன்றும் தோன்றாமல் உன் உடம்பையே எழுதினாயா? எனக்குத் தெரியாது. லில்லி கோழியாகவும் பஸ்ஸாகவும் இருந்தவள்தானே, எனக்கு எப்படித் தெரியும் என்று நேற்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். செல்லாது. அந்தத் தோழி யார் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்தி வந்த நாலாம் நாள் உன்னை எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிட்னி நின்றுபோயிருந்தது என்றார்கள். எலிக்காய்ச்சல், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். சென்டர் வாசலில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் உன் ஆதார் அட்டைப் போட்டோ, அடியில் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'புதிய பேட்ச் சேர்க்கை நடைபெறுகிறது'. தூ! அதைப் பார்த்துக் காறித் துப்பினேன். ஆனால் மறுவாரம் அதே சார், "அவ எழுதுன பாசேஜ் எல்லாம் உங்கிட்ட உண்டா மக்கா? ஒரு நினைவா வச்சுக்கிடலாம்" என்று கேட்டபோது எல்லாவற்றையும் மொத்தமாக ஃபார்வேர்ட் பண்ணினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு டிக் போட்டு அனுப்பினேன்.

அதோடு முடிந்ததா? ஒவ்வொரு லீவுக்கும் உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு தடவையும் மாமி அதையேதான் சொல்வாள்: "ஒருத்தருக்கிட்டயும் ஒரு வாக்கு சொல்லல்லியே மக்ளே. பெத்தவகிட்டயே சொல்லல்லியே. அவ்வளவுக்கா நான் கொடுமக்காரியா இருந்தேன்?" நான் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டயும் சொல்லல்ல மாமி" என்பேன். ஆறுதல் சொல்கிறேனாம். இரண்டு வருஷம் சொன்னேன்.

நேற்று அந்த 'பி' கேட்டதும் எழுந்துவிட்டேன். வாந்தி வருகிறது என்றேன், உண்மையாகவே வந்தது. வாயைக் கழுவிவிட்டு வந்து சாரிடம் கேட்டேன், "இது யாரப் பத்துன பாசேஜுன்னு தெரியுமா சார்?" அவர் பக்கத்தைப் பார்த்தார். "லில்லி." "அவதான் சார் லில்லி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்த மனுஷன் அழப் போகிறார் என்றே நினைத்தேன். "அடுத்த எடிஷன்ல எடுத்துருவோம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனாலும் மக்கா, அந்த ஊகக் கேள்வி நல்ல கேள்வி, கேட்டியா" என்றார். எனக்கு அவர் முகத்தில் டீயை ஊற்றலாம் என்று வந்தது. ஆனால் நான் எந்த மூஞ்சியோடு ஊற்ற? அவர் கேள்வியை மட்டும் பார்த்தார். அவரிடம் படித்து முதலாவதாக வந்தவள் நான். அவரைப் பார்த்து வந்த அருவருப்பு பாதி என்றால், மிச்சப் பாதி வாய் கழுவும்போதே கண்ணாடியில் என்னைப் பார்த்து வந்துவிட்டது.

இன்று காலையில் கீரிப்பாறைக்குப் போனேன். மழை என்று ரப்பர் வெட்டு இல்லை. மாமி குவாட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை தொலித்துக்கொண்டிருந்தாள். "எப்பம் வந்த? சாப்பிட்டியா?" என்றாள். நின்றுகொண்டே சொன்னேன், "மாமி, அவ சொல்லாம இல்ல. எங்கிட்ட சொல்லியிருந்தா." மாமிக்குப் புரியவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கெண்டைக்கால் வந்ததும், "நடந்த வலின்னு நெனச்சு நானில்லா தைலம் தேச்சு விட்டேன்" என்றாள். மஞ்சள் கண் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பம் நீ இத வாசிக்கல்லியா மக்ளே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் மாமி நம்பியிருப்பாள். எனக்கு நல்ல வசதியாகவும் இருந்திருக்கும்.

"வாசிச்சேன் மாமி. கீழ கேள்வி இருந்து. எல்லாத்துக்கும் பதில் போட்டேன்."

"என்ன கேட்டிருந்தா?"

நாலாவது கேள்வியைச் சொன்னேன். நான் போட்ட விடையையும் சொன்னேன். அம்மாவிடம் மறைக்கிறாள் என்று.

"அது சரியா?"

"சரி மாமி."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்காவது சொல்லியிருக்கா. நான் அவ ஆருமே இல்லாம கெடந்து செத்தான்னுல்லா நெனச்சேன்" என்றாள். நான் ஏன் ஓடி வரவில்லை, நர்ஸான என் அம்மாவிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவே இல்லை. உள்ளே போய் உன் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அத தமிழ்ல எழுதித் தா. நானே படிக்கணும்."

எழுதினேன். பத்தி முடிந்து கேள்விக்கு வந்தபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேண்டாம். கத மட்டும் போதும்."

தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் விரலை வைத்து, வாய்விட்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். ஒரு வரி முடிந்தால் நிறுத்தி ஓடைப் பக்கம் பார்ப்பாள், மறுபடி அடுத்த வரி. ஏழெட்டு வரிக்குப் பலாக்கொட்டை வெந்து இறங்குகிற நேரம் ஆயிற்று. பிறகு அதை நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

கதை அங்கே இருக்கிறது, ஏட்டி. கேள்வி நாலும் என்னிடம்தான்.