இடது பின்சக்கரம்

செப்டம்பர் 11

மூன்று நாளாக பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. ஊரில் இருக்கிற ஒரே மெக்கானிக் தோக்தோபெக். என் முன்னாள் கணவன். பன்னிரண்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியதில் மிஞ்சியது இரண்டு: மகள், இந்த வண்டி. மகள் தலைநகர் பிஷ்கெக்கில் நிம்மதியாக இருக்கிறாள். வண்டிதான் என்னோடு மல்லுக்கு நிற்கிறது.

சக்கரத்தைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை அவன். "பிரேக்க மெதுவா மிதிச்சுப் பழகு டீச்சர். கிளாஸ்ல பிள்ளைங்கள மிதிக்கிற மாதிரி மிதிச்சா எந்த வண்டி தாங்கும்?"

விவாகரத்தாகி ஒன்பது வருடம். அவன் நகைச்சுவை மட்டும் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

செப்டம்பர் 14

கடைசியில் பின்சக்கரங்களின் பிரேக் டிரம்மைத் திறந்தான். இடது பக்க பிரேக் ஷூ நனைந்து கிடந்தது. "வீல் சிலிண்டர்லேருந்து பிரேக் ஆயில் கசியுது" என்றான், ஏதோ ஆராய்ச்சி முடிவைச் சொல்வது போல. சிலிண்டரை மாற்றி, ஷூவை பெட்ரோலில் கழுவி மாட்டிக் கொடுத்தான்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு ஒரு மயிரிழை குறைந்திருக்கிறதா என்று பார்த்தானா? இல்லை. நான் பார்த்தேன், குறையவில்லை. பெடல் கீழே இறங்குகிறதா? அதுவும் இல்லை. அப்படியென்றால் கசிந்தது எங்கிருந்து வந்தது? கேள்வி கேட்கத் தெரியாதவன் கையில் ஸ்பேனர்.

செப்டம்பர் 22



காலையில் பள்ளிக்கு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் இசை டீச்சர் நூர்பூபூ. வளைவு திரும்பியதும் சாலை முழுக்க ஆடு. மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கும் மந்தை. மிதித்தேன். வண்டி நேராக நிற்கவில்லை, திரும்பிக் குறுக்கே நின்றது. கிடா ஒன்றுக்குக் கால் போயிற்று. ஒரு முழம் தள்ளியிருந்தால் பள்ளம். நாங்களும் போயிருப்போம்.

இடையன் குதிரையிலிருந்து குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். "அக்கா, கார் ஓட்டுறீங்களா, ஏர் ஓட்டுறீங்களா?"

பேரம் பேசாமல் கிடாவின் விலையை எண்ணிக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

பள்ளி வந்ததும் நூர்பூபூ கதவைத் திறந்தாள். இறங்கும்போது, "நாளையிலேருந்து நான் மினிபஸ்லயே வந்துக்கறேன் புருல்சுன் அக்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

செப்டம்பர் 23

சக்கரத்தை நானே கழற்றினேன். டிரம் வர மறுத்தது. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டத் தட்ட, சலித்துப்போய் வந்தது. ஷூ மறுபடி நனைந்திருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தேன். அழுகிய முட்டை நாற்றம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். மிதந்தது. பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும். இது பின் அச்சுக்குள் இருக்கிற கியர் ஆயில். அச்சு முனையில் எண்ணெயைத் தடுத்து நிற்கும் சீல் என்ற ரப்பர் வளையத்தைத் தாண்டி டிரம்முக்குள் வருகிறது.

நான் நடத்துகிற எட்டாம் வகுப்பு வேதியியல். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24

அந்தத் தம்ளரை அப்படியே கொண்டுபோய் தோக்தோபெக்கின் மேசையில் வைத்தேன். முகர்ந்தான். "ம்" என்றான். நீ சொன்னது சரி என்று வாயில் வருமா? பன்னிரண்டு வருடத்தில் வராதது இன்றா வரப்போகிறது. சீல் வளையத்தை மாற்றினான். ஷூவும் புதிது.

அக்டோபர் 6

மறுபடி நனைந்திருக்கிறது. பன்னிரண்டே நாள்.

ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில் எல்லாருக்கும் சொன்னேன். தம்ளர் கதை, "ம்" கதை, எல்லாம். "ஒரு ரப்பர் வளையத்தை நேரா உக்கார வைக்கத் தெரியல. இதுல போர்டுல 'நிபுணர்'னு வேற எழுதி வெச்சிருக்கான்." எல்லாரும் சிரித்தார்கள். நான் நன்றாகத்தான் சொல்வேன், அது எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியர் இமானாலி சிரிக்கவில்லை. "அப்போ ஸ்கூல் வேன அவர்கிட்ட விடலாமா வேணாமா?"

"பிள்ளைங்கள கழுதை மேல ஏத்தி அனுப்புங்க சார். அது நின்னுடும்."

அதற்கும் சிரிப்பு.

அக்டோபர் 7

வண்டியை அவனிடம் விட்டேன். நான் பேசியது அதற்குள் அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு நாள் ஆகும்" என்றான்.

"ஒரு வளையத்துக்கா?"

"ஆமா."

அக்டோபர் 9

வண்டி வந்தது. என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சீல் மாத்துனேன்."

"போன தடவையும் அதத்தான சொன்ன?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்ப சரியா உக்காரல. இப்ப உக்காந்துடுச்சு."

ஒப்புக்கொண்டான். தோக்தோபெக், தன் தவறை, தன் வாயால். தேதியை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

அக்டோபர் 20

டிரம் உலர்ந்தே இருக்கிறது. பிரேக் நேராகப் பிடிக்கிறது. நூர்பூபூ திரும்ப என்னோடு வர ஆரம்பித்துவிட்டாள், பையில் போர்சோக் பணியாரத்தோடு. பள்ளி வேன் நரின் நகரத்தில் வேறு பட்டறைக்குப் போகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர்கூடத் தங்கள் வண்டியை அங்கேயே கொண்டுபோகிறார்களாம். போகட்டும். அதற்கு நான் என்ன செய்ய?

அக்டோபர் 28

பனி விழுவதற்கு முன் வண்டியின் அடிப்பக்கம் தார் பூசவேண்டும், துருப் பிடிக்காமல் இருக்க. போன இலையுதிர் காலத்தில் நானே பூசினேன். இன்றும் கம்பளியை விரித்துப் படுத்து உள்ளே போனேன்.

பின் அச்சின் மேல் பக்கம் பொத்தான் அளவில் ஒரு மூடி. புதிது. அதைச் சுற்றி மட்டும் தார் கத்தியால் சுரண்டப்பட்டிருக்கிறது, இரும்பு பளபளக்க. மற்ற இடமெல்லாம் போன வருடத்து என் தார். என் தூரிகைக் கோடுகள். தாராளமாக, ஒரு இடம் விடாமல்.

அது மூச்சுத் துளை. ஓடும்போது அச்சுக்குள் சூடாகும் காற்று அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் அதை அடைத்திருக்கிறேன்; மிச்சமிருந்த இடுக்கையும் இந்தக் கோடைப் புழுதி தாரில் ஒட்டி மூடியிருக்கிறது. போக வழியில்லாத காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வந்திருக்கிறது. இன்னும் பத்து சீல் மாற்றியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

சூடான காற்று விரியும். இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவன் கண்டுபிடித்திருக்கிறான். சுரண்டியிருக்கிறான். அப்புறம் "சரியா உக்காரல" என்று சொல்லியிருக்கிறான்.

ஏன் சொல்லவில்லை? என்மேல் இரக்கமா? அதைவிட அவமானம் எனக்கு வேறு வேண்டாம். இல்லை — சொன்னால் நான் என்ன பேசுவேன் என்று அவனுக்குத் தெரியும். தார் பூசினது தப்பில்லடா, முதல் நாளே பாக்காதது உன் தப்புன்னு ஆரம்பிச்சிருப்பேன். பதில் தயாரா இருந்திருக்கும். எப்பவும் இருக்கும்.

வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். முதுகு விறைத்துப்போகும்வரை.

அக்டோபர் 29

தூக்கமில்லை. வகுப்பில் யாரையும் திட்டவில்லை. காய்ச்சலா டீச்சர் என்று கேட்கிறார்கள்.

அக்டோபர் 31

தேநீர் வேளையில் எழுந்து நின்று சொன்னேன். துளை, தார், தூரிகை, எல்லாம். அன்றைக்குச் சொன்ன அளவுக்கு நன்றாக வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நூர்பூபூ மட்டும், "அப்போ அன்னிக்கு அந்த ஆடு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா. அதுவும் நான்தான்."

இமானாலி கேட்டார்: "வேன்?"

"அவன்கிட்டயே விடுங்க சார். நான் பேசினது தப்பு."

நவம்பர் 6

சாயங்காலம் பட்டறைப் பக்கம் போனேன். பள்ளி வேன் உள்ளே நின்றது. அடியிலிருந்து அவன் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரு?"

"நான்தான்."

ஒரு கை வெளியே வந்தது. "பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு."

எடுத்துக் கொடுத்தேன். அது போன வேகத்தில் திரும்பி வந்து தரையில் விழுந்தது.

"இது பன்னெண்டு. நம்பர் படிக்கத் தெரியாதா டீச்சருக்கு?"

பதில் தயாராகத்தான் இருந்தது. நல்ல பதில். குனிந்து பதிமூன்றைத் தேடினேன்.